முன்பாதி அக்காவிடம்

அந்தப் புத்தகத்தில் ஒரு கொலை நடந்திருக்கிறது என்கிற சேதி எழுத்தாளருக்கு நாற்பது வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அதுவும் எங்கே? பதிப்பகத்தின் மாடி அறையில், கையில் தேநீர்க் கோப்பையோடு, தன் புதுப் புத்தகத்துக்கு அட்டை என்ன நிறத்தில் வரப்போகிறது என்று கேட்க அவள் வந்து உட்கார்ந்திருந்தபோது. ஊருக்குத்தான் அவள் எழுத்தாளர். வீட்டில் தலை நரைத்த பிறகும் சின்னவள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம், அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

சேதியைச் சொன்னவர் அங்கே பிரதிகளைத் திருத்துகிறவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்திரி. எந்தப் பிரதி அவர் மேசைக்குப் போனாலும் கொஞ்சம் இளைத்துத்தான் திரும்பும். நல்ல மனிதர். சின்னவள் எழுதியது எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தவர். அதனால்தான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பென்சிலைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"மேடம், அந்த ஏழாவது கட்டுரை."

"எது, அட்டையில்லாத புத்தகமா?"

"ஆமா. அதுல வர்ற ஆளைப் பத்தி எழுதியிருக்கீங்கல்ல. நான் படிச்ச புத்தகங்கள்ல இவனை மாதிரி நல்லவன் இன்னொருத்தன் இல்லைன்னு."

"ஆமா. அதுல என்ன வந்துச்சு?"

கத்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் பொண்டாட்டிக்கு விஷம் வெச்சவன் மேடம்."

சின்னவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா?"

"புத்தகமே சொல்லுது. முன்பாதியில மருந்துல கலந்து குடுத்துட்டு, யாருக்கும் தெரியாம ஊரை விட்டே போயிடறான். பின்பாதியில திரும்பி வந்து மாமியாரைப் பாத்துக்கறது பிராயச்சித்தம். கதையே அதுதான். அட்டைப் படத்தை உங்க கட்டுரையோட போடலாம்னு, கதையைச் சொல்லிச் சொல்லிப் பழைய புத்தகக் கடையெல்லாம் தேடினேன். முழுப் புத்தகமே கிடைச்சுது." மேசைக்குள்ளிருந்து அதை எடுத்து வைத்தார். தேடிக் கண்டுபிடித்த பெருமையை முகத்தில் காட்டவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை பாவம். "முன்பாதி அக்காகிட்ட போயிடுச்சுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. நான், நீங்க படிச்ச பிறகுதான் போச்சுன்னு நெனச்சுட்டேன்."

அதுவரை பேசாமலிருந்த பதிப்பாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எதைச் சொன்னாலும் 'பாருங்க' என்று ஆரம்பிக்கிறவர். "பாருங்க, நல்லவேளை, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுது. கட்டுரையைத் திருத்திடுங்க, இல்லைன்னா எடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணாம புத்தகம் வராது. கொலைகாரனுக்கு நற்சான்றிதழ் குடுத்தா ஊரே சிரிக்கும். பாதிப் புத்தகத்தைப் படிச்சுட்டு நமக்கு வாசிக்கச் சொல்லித் தர்றாங்கன்னு எழுதுவாங்க. உங்க பேரும் போகும், என் பேரும் போகும்."

சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "குடுங்க அதை. படிச்சுட்டு நாளைக்கு வர்றேன்" என்று புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அட்டை நிறத்தைக் கேட்கவே இல்லை.

அந்தப் புதுப் புத்தகம் கதைப் புத்தகம் அல்ல. வாழ்நாள் முழுக்கப் படித்ததைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைகள். இத்தனை பெரிய எழுத்தாளர் என்னத்தைப் படித்து வளர்ந்தாள் என்று ஆசையோடு திறக்கிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். ஆவிகள் கிணற்றடியில் உட்கார்ந்து வழக்குப் பேசுகிற மலிவு நாவல் ஒன்றுக்காகப் பத்துப் பக்கம் உருகியிருக்கிறாள். மாட்டு வைத்தியக் கையேடு ஒன்றைப் பற்றி இன்னொரு கட்டுரை. வீட்டில் மாடே கிடையாது, ஆனால் வயிற்றுக்குள் கன்று திரும்பிக் கிடந்தால் எப்படிப் பிடித்து இழுப்பது என்கிற அத்தியாயத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாளாம். பெரிய பெரிய புத்தகங்களும் இருக்கத்தான் செய்கின்றன. பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததை முகத்தில் அடித்த மாதிரியும் எழுதியிருந்தாள். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஒரு காவியத்தை ஒவ்வொரு முறை திறந்தபோதும் தூங்கிப் போனதாக எழுதிவிட்டு, தூக்கம் அருமையாக இருந்தது என்று வேறு சேர்த்திருந்தாள். அதையெல்லாம் கத்திரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஏழாவது கட்டுரையில்தான் வந்து முட்டிக்கொண்டது.

பாதிப் புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கு அவள் அப்பாவிடம் போக வேண்டும். அச்சகத்தில் பைண்டர். பெண்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் புத்தகம் என்றால் பறக்கிறவர்கள். சலவைக்கடைக்கு மேலே இருந்த வாடகைப் புத்தகக் கடையிலிருந்து வேலை முடிந்து வரும்போது ஒன்று எடுத்துவருவார். மறுநாள் காலை கடை திறக்கிறபோது அது திரும்பிப் போயாக வேண்டும். ஒரு புத்தகம், ஒரு சாயங்காலம், இரண்டு பெண்கள். தினமும் முடியைப் பிடித்து இழுக்கிற சண்டை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா ஒருநாள் தொழிலைக் காட்டினார். புத்தகத்தின் முதுகைப் பிரித்து, நடுவில் தையலை அறுத்து, இரண்டாக்கி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டார். முன்பாதி பெரியவளுக்கு, பின்பாதி சின்னவளுக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். விடிகாலையில் அவர் ஊசியும் பசையுமாக உட்கார்ந்து ஒன்றாக்கிவிடுவார். கடைக்காரர் வாங்கிப் புரட்டிப் பார்ப்பார், ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை. "நான் குடுத்ததைவிட உறுதியா இருக்கே" என்பாராம்.

ஆக, சின்னவள் எல்லாக் கதையையும் பின்னாலிருந்துதான் படித்தாள். முதலில் சாவு, அப்புறம் சண்டை, அப்புறம் கல்யாணம், எல்லாம் முடிந்து காதல். இவன் யார், இவள் எதற்கு அழுகிறாள், இந்தப் பெட்டி எப்படி இங்கே வந்தது என்று ஊகித்துக்கொண்டே போவாள். பிற்பாடு அவள் நாவல்களில் கதை பின்னாலிருந்து முன்னால் நடந்தபோது விமர்சகர்கள் வாய்க்குள் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் புத்தகமும் அப்படி ஒரு சாயங்காலம் இரண்டானதுதான். அன்றைக்கு மாற்றிக்கொள்வதற்குள் பெரியவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்கள். விடிந்ததும் அப்பா எழுந்து ஊசியை எடுத்தார். அது கீழே விழுந்தது. எடுக்கப் போன கை எழவில்லை. வாய் கோணிக்கொண்டது. வலது பக்கம் முழுக்க வாதம் அடித்துவிட்டது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். பெரியவளுக்கு வெளியூரில் தொலைபேசி நிலையத்தில் வேலை, அந்த வாரமே வந்து சேரவேண்டும் என்று உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தது. அவள் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பதும் உண்மை, போனவள் திரும்பி வந்து தங்கவில்லை என்பதும் உண்மை. அவசரத்தில் அவள் பைக்குள் முன்பாதி போய்விட்டது. அட்டையும் தலைப்பும் அதோடு போயின. பின்பாதி அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நோயாளியைப் பார்க்க வந்த கடைக்காரர் அதைக் குனிந்து எடுத்துப் புரட்டினார். அறுத்த தையலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பாதியில் இருந்த கதை இவ்வளவுதான். மழையில் ஒருவன் ஒரு வீட்டுக்கு வருகிறான். செத்துப்போன மனைவியின் அம்மா உள்ளே நடமாட்டமில்லாமல் கிடக்கிறாள். அவன் தங்கிவிடுகிறான். குளிப்பாட்டுகிறான், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுகிறான், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறான், தலை சீவிவிடுகிறான். அவள் திட்டுகிறாள், அவன் பதில் பேசுவதில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொள்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் கண்ணை மூடுகிறாள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண் அதைப் படித்தாள். படித்தபடியே செய்தாள். அப்பாவின் அழுக்குத் துணியை முதல் தடவை எடுத்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. புத்தகத்தில் அவன் ஜன்னலைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டே துடைப்பான், கிழவிக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. இவளும் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே துடைத்தாள். ஏன் இதையெல்லாம் செய்கிறான் என்று அந்தப் பாதியில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மனைவி மேல் உயிரையே வைத்திருந்திருக்கிறான், அதனால்தான் அவளைப் பெற்றவளை விட்டுப் போக மனசு வரவில்லை என்று சின்னவள் தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பிரியம் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அப்பாவோடு அத்தனை வருடம் ஓடியது. அவர் போன பிறகுதான் முதல் கதையை எழுதினாள்.

அப்பேர்ப்பட்டவன் தலையில்தான் இப்போது கொலைப் பழி.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முன்பாதியைப் பிரித்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, முகம் சரியில்லை என்று கண்டுகொண்டு, சத்தம் காட்டாமல் சமையலறைக்குப் போனார். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாயைத் திறக்காமல் காலிக் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். அதைப் பார்த்துத்தான் சின்னவள் சம்மதித்தாள். பெரியவள் அப்போதே சொன்னாள், "பேசாத ஆளை நம்பாதே" என்று. அவள் கட்டிக்கொண்டது தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல்காரரை. இதற்கெல்லாம் காரணம் ஒரே புத்தகம் என்பது அக்கா தங்கை இரண்டு பேருக்குமே தெரியாது.

பாழாய்ப்போனது, நன்றாகத்தான் எழுதியிருந்தது. மருந்துப் புட்டியை அவன் ஒரு வார்த்தை பேசாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற இடத்தில் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஒரே மூச்சில் படித்துத் தன் பாதிக்கு வந்து சேர்ந்தாள். வரிக்கு வரி அவளுக்கு மனப்பாடமான அதே பக்கங்கள். ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அவன் ஊட்டுகிற ஒவ்வொரு வாயும் இப்போது அபராதம் கட்டுகிற மாதிரி இருந்தது. திட்டுக்குப் பதில் பேசாமல் இருந்தது பொறுமை இல்லையாம், பயமாம். தலை சீவுகிற பக்கம் வந்ததும் மூடி வைத்துவிட்டாள். கோபத்தில் வருகிற அழுகை இருக்கிறதே, அது வந்தது.

வீட்டுக்காரர் வந்து நின்றார். "தேநீர் போடட்டுமா?"

"நீங்க யாரையாவது கொன்னிருக்கீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன். போடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டாள். வாரம் தவறாமல் பேசுகிறவர்கள்தான். பேரப்பிள்ளைகள், முட்டி வலி, யார் வீட்டில் என்ன என்று எல்லாம் பேசுவார்கள். அந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் பேசியதே கிடையாது.

"அக்கா, அந்த முன்பாதி இருக்கா?"

எது என்று பெரியவள் கேட்கவில்லை. "இருக்கு. பீரோவுல, துணிக்கு அடியில. எதுக்கு?"

"அது எதோட முடியுது?"

"அந்தப் படுபாவி பஸ் ஏறித் தப்பிச்சுப் போறான். அதோட சரி. கடைசியில மாட்டுனானா?"

"மாட்டல. திரும்பி வந்தான்."

"திரும்பி வந்தானா?"

"வந்து அந்தக் கிழவியைப் பாத்துக்கிட்டான். அவ கண்ணை மூடற வரைக்கும்."

பெரியவளின் வேலை முழுக்கத் தொலைபேசியில்தான். எதிர்முனையில் யார் அழுதாலும் 'லைன்ல இருங்க' என்று சொல்லிப் பழகியவள். "லைன்ல இரு" என்றாள் இப்போதும். தூரத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் பழையபடி கறாராக இருந்தது.

"இத்தனை வருஷமா அவனைத் திட்டிக்கிட்டிருக்கேன். பஸ் ஏறிப் போயிட்டானே, போயிட்டானேன்னு."

"பஸ் ஏறிப் போறது ஒண்ணும் கொலை இல்லக்கா."

"அது எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம்." பிறகு, "ஆனா உன் வாயால கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

சின்னவள் பதிப்பகத்தில் நடந்ததைச் சொன்னாள். அவன் செய்ததெல்லாம் பிராயச்சித்தம் என்று திருத்தி எழுதச் சொல்கிறார்கள், இல்லையென்றால் புத்தகம் வராது என்று.

"நீ அப்பாவுக்குச் செஞ்சது பிராயச்சித்தமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு என்கிட்ட வந்து மூக்கால அழற? போய் அவங்ககிட்ட சொல்லு. ஒரு எழுத்தை மாத்தினே, பஸ் ஏறி வந்து உதைப்பேன்."

மறுநாள் சின்னவள் போனபோது கத்திரி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். அவளுக்கு வேலை வைக்க வேண்டாமே என்று கட்டுரையைத் தானே திருத்தி, அங்கங்கே வெட்டி ஒட்டி, மேலே 'ஒரு பாவியின் பணிவிடை' என்று தலைப்பும் போட்டிருந்தார். சின்னவள் முழுக்கப் படித்தாள். நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல். படித்து முடித்து அதை அப்படியே அவர் பக்கம் தள்ளினாள். முழுப் புத்தகத்தையும் அதன்மேல் வைத்தாள். பிறகு தன் பையிலிருந்து பழுப்பேறிப்போன, அட்டையில்லாத அந்தப் பாதியை எடுத்து நடு மேசையில் வைத்தாள். அறுத்த தையல் நுனி இன்னும் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் எழுதியிருக்கறது இந்தப் புத்தகத்தைப் பத்தி. இதுல கொலை எங்க இருக்குன்னு காட்டுங்க."

கத்திரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவசரப்படாமல், வேலைக்கே உரிய ஒழுங்கோடு புரட்டினார். பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவள் யாரையும் பார்க்கவில்லை.

"நேரா எங்கேயும் சொல்லல மேடம்" என்றார் கத்திரி கடைசியில். "ஆனா குறிப்பு இருக்கு. இதோ, தரையில படுக்கறான். வீட்டுல இன்னொரு கட்டில் சும்மாதான் இருக்கு. அதுல படுக்கத் தனக்குத் தகுதி இல்லைன்னு நெனைக்கறான்."

"எங்க வீட்டுலயும் இன்னொரு கட்டில் சும்மா இருந்துச்சு. அக்காவோடது. நானும் தரையிலதான் படுத்தேன். அப்பாவுக்குப் பேச்சு போயிடுச்சு, கூப்பிட முடியாது. இடது கையைத் தொங்கவிட்டா என் தலை எட்டணும். அதுக்காகப் படுத்தேன். நான் என்ன பாவம் பண்ணினேன் சொல்லுங்க?"

கத்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாருங்க," என்றார் பதிப்பாளர், "உங்க கஷ்டம் புரியுது. ஆனா எழுதினவன் நெனச்சது வேற இல்லையா?"

"எழுதினவர் அவர் வேலையை நல்லாப் பண்ணியிருக்கார். நானும் எழுதறவதான், எனக்குத் தெரியாதா? அவர் முழுசா எழுதினார், எனக்குப் பாதி வந்துச்சு. வந்த பாதியை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷனைப் புண்ணு இல்லாம அனுப்பி வெச்சேன். இது பிராயச்சித்தம்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, நான் பண்ணாத தப்புக்கு எதுக்குத் தண்டனைன்னு ஓடிப் போயிருப்பேன். சத்தியமாச் சொல்றேன், ஓடிப் போயிருப்பேன்."

"பாருங்க, ஊர் சிரிக்குமே அம்மா."

"சிரிக்கட்டும். படுக்கையில கிடக்கறவங்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள், திருப்பிப் படுக்க வெச்சவங்க யாராவது இருந்தா, அவங்களை மட்டும் என் எதிர்ல வந்து சிரிக்கச் சொல்லுங்க."

அவள் பிரதியைக் கட்டிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். முதலில் கட்டுரைகள், பிறகு அந்தப் பாதி. புத்தகம் வராமலே போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள் என்பது அவள் முடிச்சுப் போட்ட வேகத்திலேயே தெரிந்தது. வாய் திறந்தது கத்திரிதான்.

"ஐயா, அவங்க சொல்ற புத்தகத்துல கொலை இல்லைங்க. நான் முழுக்கப் பாத்துட்டேன்."

பதிப்பாளர் கத்திரியை முறைத்தார். கத்திரி அசையவில்லை. இத்தனை வருடத்தில் அவர் எதையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதே இல்லை என்பது பதிப்பாளருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையைப் பிசைந்தார், பெருமூச்சு விட்டார்.

"சரி, பாருங்க, ஒரு முன்குறிப்பாவது போடுங்க. உண்மை உங்களுக்கும் தெரியும்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"போட்டுடலாம். அதுல எனக்கென்ன வெக்கம்?"

சின்னவள் நின்றபடியே கத்திரியின் பென்சிலை எடுத்து, கட்டுரையின் தலைப்புக்குக் கீழே எழுதினாள். கத்திரி வாங்கி ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார், ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் அச்சுக்கு அனுப்பினார்.

'இந்தப் புத்தகத்தின் முன்பாதியை இப்போதுதான் படித்தேன். அவன் கொலைகாரன் என்பது உண்மை. என் கருத்தில் மாற்றம் இல்லை.'